நசுக்கினா வீங்குற கல்: கிரெனோபிள் பீம்டைம் டயரி

ஞாயிறு, ராத்திரி

லியோன் ஏர்போர்ட்ல இறங்கி பஸ் பிடிச்சு கிரெனோபிள் வந்து சேர்ந்தாச்சு. சுத்தி மலை, நடுவுல தட்டையா ஊர், இசேர் ஆறும் த்ராக் ஆறும் ஒண்ணா சேர்ற முனையிலதான் நாங்க வந்திருக்கிற இஎஸ்ஆர்எஃப் இருக்கு. ஐரோப்பாவோட சின்க்ரோட்ரான். 844 மீட்டர் சுற்றளவுல ஒரு வளையம், அதுக்குள்ள எலக்ட்ரான்கள் 6 கிகா எலக்ட்ரான்வோல்ட்ல ஓடிக்கிட்டே இருக்கும், காந்தத்தை வச்சு அதுங்களை வளைச்சு ஆட்டுற இடத்துல எல்லாம் எக்ஸ்ரே பீச்சும். அந்த எக்ஸ்ரேவை எங்களுக்கு சில ஷிஃப்ட் குடுத்திருக்காங்க, அதைத்தான் பீம்டைம்னு சொல்றது, அதுக்குத்தான் இவ்வளவு தூரம்.

என்ன வேலைன்னு கேட்டவங்களுக்கு: ஜியோலைட் மேல பிரஷர் போட்டா அது என்ன பண்ணுதுன்னு பாக்கப் போறோம். ஜியோலைட்னா ஒரு வகை படிகம். நடுவுல ஒரு சிலிக்கானோ அலுமினியமோ, சுத்தி நாலு ஆக்ஸிஜன், இதுதான் அடிப்படை யூனிட். இந்த யூனிட்டுங்க மூலையோட மூலை சேர்ந்து ஒரு சட்டகம் கட்டும், சட்டகத்துக்கு உள்ள ரூம் ரூமா, குழாய் குழாயா காலி இடம் இருக்கும். அலுமினியம் இருக்கிறதால சட்டகத்துக்கு நெகட்டிவ் சார்ஜ், அதை சரிக்கட்ட சோடியம், பொட்டாசியம், கால்சியம் மாதிரி அயனிகள் அந்தக் குழாய்க்குள்ள உக்காந்திருக்கும், கூடவே தண்ணியும். சோப்புத் தூள்லயும், பெட்ரோல் சுத்திகரிக்கிற ஆலையிலயும், வாயுக்களைப் பிரிக்கிற கருவியிலயும் இதுக்குப் பெரிய வேலை இருக்கு. இதுவரைக்கும் பதிவு பண்ணின சட்டக வகைங்களே 250க்கு மேல.

உள்ள இவ்வளவு ஓட்டை இருக்கிற ஒரு பொருளை நசுக்கினா பஞ்சு மாதிரி சுருங்கிடும்னுதான் யாருக்கும் முதல்ல தோணும். அது தப்பு. எவ்வளவு தப்புங்கறதுதான் இந்த வாரம் முழுக்க நான் எழுதப் போறது. கூட வந்திருக்கிறது எங்க லேப்ல பிஎச்டி பண்ற ஜூனியர் பொண்ணு, அவளுக்கு இதுதான் முதல் சின்க்ரோட்ரான். தூக்கம் வராம ரூம்ல சாம்பிள் லிஸ்ட்டைத் திருப்பித் திருப்பி பாத்துக்கிட்டு இருக்கா.

திங்கள்

காலையில சேஃப்டி டிரெயினிங், பேட்ஜ், சட்டையில மாட்டிக்க கதிர்வீச்சை அளக்குற டோசிமீட்டர். அதெல்லாம் சீக்கிரமே முடிஞ்சுது. மத்தபடி நாள் பூரா மைக்ராஸ்கோப்தான்.

டயமண்ட் ஆன்வில் செல்லைப் பாக்காதவங்களுக்கு சொல்றேன். உள்ளங்கையில அடங்குற ஸ்டீல் உருளை, உள்ள ரெண்டு வைரம், முனையோட முனை எதிரெதிரா. முனைன்னா கூர் இல்ல, அதைச் சீவி தட்டையாக்கி இருப்பாங்க, எங்களோடது 600 மைக்ரான் அகலம், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடுவுல ஒரு ஸ்டீல் தகடு, அதுதான் காஸ்கெட். அதை முதல்ல ரெண்டு வைரத்துக்கு நடுவுல வச்சு அழுத்தி 100 மைக்ரான் அளவுக்கு மெலிசாக்கி, அந்தப் பள்ளத்தோட நட்ட நடுவுல ஸ்பார்க் வச்சு ஒரு ஓட்டை போடணும். அந்த ஓட்டைதான் நம்ம சோதனை அறை. அதுக்குள்ள சாம்பிள், ஒரு குட்டி ரூபி உருண்டை, அப்புறம் ஒரு திரவம். மூடி ஸ்க்ரூவை முடுக்கினா, பரப்பளவு அவ்வளவு சின்னதா இருக்கிறதால கை பலத்துலயே ஆயிரக்கணக்கான அட்மாஸ்ஃபியர் வந்துடும். 1950கள் கடைசியில அமெரிக்காவோட நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்ல கண்டுபிடிச்ச கருவி இது, இன்னைக்கும் அடிப்படை அப்படியேதான் இருக்கு. எனக்கு இந்தக் கருவி மேல தனிப் பிரியம். வைரத்துக்குள்ள எக்ஸ்ரேவும் போகும், கண்ணுக்குத் தெரியற வெளிச்சமும் போகும், நசுங்கிக்கிட்டு இருக்கிறப்பவே உள்ள நடக்கிறதை கண்ணால பாக்கலாம், இதைவிட என்ன வேணும்.

பிரஷர் எவ்வளவுன்னு சொல்றது அந்த ரூபி. லேசர் அடிச்சா அது சிவப்பா ஒளிரும், சாதாரண நிலையில அந்த ஒளி 694.2 நானோமீட்டர்ல இருக்கும், ஒவ்வொரு கிகாபாஸ்கலுக்கும் கிட்டத்தட்ட 0.36 நானோமீட்டர் நகரும். நகர்வை அளந்தா பிரஷர் வந்துடும். ஒரு கிகாபாஸ்கல்னா சுமார் 10,000 அட்மாஸ்ஃபியர். மரியானா அகழியோட அடித்தளத்துலயே 0.11 கிகாபாஸ்கல்தான், தரைக்குக் கீழ முப்பது முப்பத்தஞ்சு கிலோமீட்டர் போனாத்தான் ஒரு கிகாபாஸ்கலைத் தொடலாம்.

இன்னைக்கு ரெண்டு செல் லோட் பண்ணினோம். ரெண்டுலயும் நாட்ரோலைட்ங்கற ஒரே ஜியோலைட் கல்லை அரைச்ச பவுடர். ஒண்ணுல சுத்தி இருக்கிறது சிலிக்கோன் ஆயில். இன்னொண்ணுல மெத்தனால், எத்தனால், தண்ணி 16:3:1 விகிதத்துல கலந்தது. வேற எந்த வித்தியாசமும் கிடையாது.

“ஏன்க்கா, தண்ணி வேணும்னா வெறும் தண்ணியையே ஊத்திடலாமே?”ன்னு அவ கேட்டா. நல்ல கேள்வி. வெறும் தண்ணி ரூம் டெம்பரேச்சர்லயே ஒரு கிகாபாஸ்கல் கிட்ட வந்தா உறைஞ்சிடும், ஐஸ்-6ங்கற வகை. நம்ம ஃப்ரிட்ஜ்ல வர்ற ஐஸ் இல்ல இது, தண்ணியில மூழ்குற ஐஸ். மீடியம், அதாவது சாம்பிளைச் சுத்தி இருக்கிற திரவம், கெட்டியாயிட்டா பிரஷர் எல்லாப் பக்கமும் சமமா போகாது, ஒரு பக்கம் அழுத்தும் இன்னொரு பக்கம் விட்டுடும், அந்த டேட்டாவை நம்ப முடியாது. இந்த ஆல்கஹால் கலவை 10 கிகாபாஸ்கல் வரைக்கும் திரவமா நடந்துக்கும். அதுல இருக்கிறது கொஞ்சூண்டு தண்ணிதான், ஆனா நாட்ரோலைட்டுக்கு அது போதும்.

ஆயில்ல மூழ்கின பவுடரோட காத்துக் குமிழ் வராம மூடுறதுதான் பெரும்பாடு. ஆல்கஹாலோ கண்ணு முன்னாலயே ஆவியாயிடும், துளியை விட்ட கையோட மூடணும். அவளுக்குக் கை நடுங்கவே இல்ல, எனக்கு சந்தோஷமா இருந்துது.

செவ்வாய்

பீம் எங்க கைக்கு சாயங்காலம்தான் வருது. முன்னால இருக்கிற டீமோட ஷிஃப்ட் இன்னும் முடியல. அந்த நேரத்துல ஒரு பழைய கதை எழுதிடறேன், இது தெரியாம நாளைக்கு நான் எழுதப் போறது புரியாது.

1983ல ராபர்ட் ஹேசன், கார்னகி நிறுவனத்தோட ஜியோஃபிசிகல் லேப்ல, 4ஏ-ங்கற ஜியோலைட்டை நசுக்கிப் பாத்தார். குழாய்க்குள்ள போற வாசல் சுமார் 4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா நானோமீட்டர்ல பத்துல ஒரு பங்கு) இருக்கிற வகை அது. சுருங்குற விதமே சரியில்ல, கொள்ளளவு நடுநடுவுல தாவுது. அடுத்த வருஷம் அவரும் ஃபிங்கரும் சேர்ந்து காரணத்தைப் பிடிச்சாங்க. படிகத்தைச் சுத்தி இருக்கிற திரவத்தோட மூலக்கூறு பெருசா இருந்தா ஒரு மாதிரி சுருங்குது, சின்னதா இருந்தா இன்னொரு மாதிரி. கிளிசரால், எங்க சிலிக்கோன் ஆயில் மாதிரி பெரிய மூலக்கூறு உள்ள போக முடியாது, வெளிய நின்னு அழுத்தும், அவ்வளவுதான். தண்ணி, ஆல்கஹால் மாதிரி சின்னது பிரஷர் ஏற ஏற வாசல் வழியா உள்ள நுழைஞ்சிடும், உள்ள இருந்துகிட்டு சட்டகத்தைத் தாங்கிப் பிடிக்கும், அதனால படிகம் சுருங்க மறுக்கும்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. குவார்ட்ஸோட பல்க் மாடுலஸ் (நசுக்கினா எவ்வளவு எதிர்க்குதுங்கற அளவு) என்னன்னு கேட்டா 37 கிகாபாஸ்கல்னு சொல்லிட்டுப் போயிடலாம், எந்த திரவத்துல வச்சு நசுக்கினேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஜியோலைட்டுக்கு அந்தக் கேள்வியைக் கேக்காம இருக்கவே கூடாது. எதுல முக்கி நசுக்கினேங்கறதைச் சொல்லாத நம்பர் எனக்கு நம்பரே இல்ல, ரிவ்யூ பண்ண வர்ற பேப்பர்ல மீடியம் பேரை ஒரு ஓரத்துல கூட போடாம விட்டிருந்தா எனக்கு நிஜமாவே கோவம் வருது.

இன்னொண்ணு. ஜியோலைட்டோட பல்க் மாடுலஸ் சுமார் 15ல இருந்து 70 கிகாபாஸ்கல் வரைக்கும் பரவிக் கிடக்கு. அதாவது உள்ள இவ்வளவு ஓட்டை இருந்தும் சிலது குவார்ட்ஸை விட இறுக்கம். அந்த நாலு ஆக்ஸிஜன் யூனிட் ரொம்பக் கெட்டி, இந்த பிரஷர்ல அது கிட்டத்தட்ட அசையாது. அசையறது ரெண்டு யூனிட் சந்திக்கிற இடத்துல இருக்கிற ஆக்ஸிஜன் மூட்டுதான், அங்க கோணம் மாறும், யூனிட்டுங்க திரும்பும், மடங்கும். அப்படி மடங்குறதுக்கு அந்த சட்டகத்தோட அமைப்பு விடுதா, உள்ள உக்காந்திருக்கிற அயனியும் தண்ணியும் விடுதா, இது ரெண்டும்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. எவ்வளவு காலி இடம் இருக்குங்கறது அதுக்கு அப்புறம்தான்.

ராத்திரி பதினோரு மணி. ஹட்ச்சுக்குள்ள, அதாவது எக்ஸ்ரே வர்ற அறைக்குள்ள போய், யாரும் உள்ள இல்லைன்னு உறுதிப்படுத்துற சர்ச் பட்டனை எல்லாம் அமுக்கி, கதவை மூடி, ஷட்டர் திறந்தாச்சு. முதல்ல ஆயில் செல். பிரஷர் ஏத்த ஏத்த டிஃப்ராக்ஷன் வளையங்கள், அதாவது பவுடர்ல பட்டுச் சிதறின எக்ஸ்ரே டிடெக்டர்ல போடற வளையங்கள், கொஞ்சம் கொஞ்சமா வெளிப்பக்கம் விரியுது. அணு அடுக்குகளுக்கு நடுவுல தூரம் குறைஞ்சா வளையம் பெருசாகும், அதனால படிகம் ஒழுங்கா சுருங்குதுன்னு அர்த்தம். தாவல் இல்ல, சத்தமில்லாம சுருங்கிக்கிட்டே போகுது.

புதன், விடியக்காலம்

தூங்கவே இல்ல, ஆனா இதை இப்பவே எழுதணும்.

ஆல்கஹால்-தண்ணி செல்லை வச்சோம். 0.3, 0.5 கிகாபாஸ்கல், ஆயில்ல பாத்த மாதிரியேதான், வளையம் மெல்ல விரியுது. நான் பக்கத்துல ரூபியை அளந்துக்கிட்டு இருந்தேன். 0.8 தாண்டி அடுத்த அளவீடு. ஸ்க்ரீன்ல படம் வந்ததும் அவ நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டா. “அக்கா, வளையம் உள்ள வந்துடுச்சு!”

மையத்துக்குப் பக்கத்துல இருக்கிற முதல் வளையம், 220ங்கற அணு அடுக்கோடது, இவ்வளவு நேரம் வெளிய நகர்ந்துக்கிட்டு இருந்தது, இப்ப மையத்தை நோக்கி உள்ள குதிச்சிருக்கு. பழைய வளையம் மங்கலா இன்னும் அதே இடத்துல நிக்குது, அதுக்கு உள்பக்கம் புதுசா ஒண்ணு மெலிசா, தெளிவா. அதாவது கொஞ்சம் பவுடர் மாறிடுச்சு, கொஞ்சம் இன்னும் மாறல. பத்து நிமிஷம் விட்டு அதே பிரஷர்ல திரும்ப எடுத்தோம், பழையது இன்னும் மங்கி புதுசு இன்னும் பளிச்னு. பிரஷரைக் கூட்டியிருக்கோம், படிகம் வீங்கியிருக்கு.

இது எங்க கண்டுபிடிப்பு இல்ல. யோங்ஜே லீயும் தாமஸ் வோக்ட்டும் அவங்க கூட்டாளிகளும் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே எழுதினது, பிரஷரால வர்ற நீரேற்றம். நாட்ரோலைட்டோட ஒரு அலகு அறையில (படிகத்துல திரும்பத் திரும்ப வர்ற சின்னப் பெட்டி) சாதாரணமா 16 சோடியம், 16 தண்ணி. ஒரு கிகாபாஸ்கல் பக்கம் வர்றப்ப தண்ணி 24 ஆயிடுது, அதுக்கு பாராநாட்ரோலைட்னு பேரு, கொள்ளளவு சுமார் 7 சதவீதம் கூடுது. இன்னும் அழுத்தினா 32 தண்ணி, முன்னால இருந்ததைப் போல ரெண்டு மடங்கு, அதுக்கு சூப்பர்ஹைட்ரேட்டட் நாட்ரோலைட்னு பேரு. பேப்பர்ல பல தடவை படிச்சதுதான். ஆனாலும் நம்ம கையால லோட் பண்ணின செல்லுல அந்த வளையம் உள்ள வர்றதைப் பாக்கிறது வேற. உடம்பு சிலிர்த்துடுச்சு.

எப்படி நடக்குது? நாட்ரோலைட்டோட சட்டகம் சங்கிலி சங்கிலியா ஒரே திசையில ஓடும், அந்தச் சங்கிலிங்களுக்கு நடுவுலதான் குழாய். சாதாரண நிலையில சங்கிலிங்க திருகிக்கிட்டு நிக்கும், அதனால குழாய் வட்டமா இல்லாம நசுங்கின முட்டை வடிவத்துல இருக்கும். ஆயில்ல அழுத்தினா சங்கிலிங்க அதே பக்கம் இன்னும் திருகும், குழாய் இன்னும் ஒடுங்கும். தண்ணி கிடைச்சா எதிர்ப்பக்கம் திரும்புது, குழாய் வட்டத்துக்குப் பக்கமா வந்து திறக்குது, திறந்த இடத்துல தண்ணி வந்து உக்காந்து பக்கத்துத் தண்ணியோட ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்குது. மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் அந்த வாசல் பத்தாது, தண்ணிக்கு மட்டும் பத்தும்.

“பிரஷர் போட்டா கொள்ளளவு குறையத்தானேக்கா செய்யணும், லெ ஷாட்லியே விதி என்னாச்சு?”ன்னு அவ கேட்டா. நான் பதில் சொல்லாம பேப்பரும் பேனாவும் குடுத்தேன். அலகு அறையோட கொள்ளளவு சுமார் 2250 கன ஆங்ஸ்ட்ராம். அதுல 7 சதவீதம்னா 157. உள்ள வந்தது 8 தண்ணி. ஆளுக்கு 20 கன ஆங்ஸ்ட்ராம் கூட இல்ல. வெளிய சாதாரணத் தண்ணியில ஒரு மூலக்கூறு எடுத்துக்கிற இடம் 30, ஒரு கிகாபாஸ்கல்ல நசுக்கி வச்சாலும் 24 பக்கம். வெளிய 24 எடுத்துக்கிட்டு இருந்த தண்ணி உள்ள வந்து 20ல அடங்கிடுச்சு. படிகம் வீங்குச்சு, ஆனா படிகமும் தண்ணியும் சேர்ந்த மொத்தம் சுருங்கிடுச்சு. விதி பத்திரமா இருக்கு, நாமதான் படிகத்தை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தோம்.

கணக்கை முடிச்சதும் அவ முகத்துல வந்த வெளிச்சம் இருக்கே, அதுக்காக இன்னும் எத்தனை ராத்திரி வேணும்னாலும் முழிச்சிருக்கலாம்.

1.5 தாண்டினதும் இன்னொரு மாற்றம் தெரிஞ்சுது. இன்னும் 8 தண்ணி உள்ள வந்தும் இந்தத் தடவை படிகம் மேல வீங்காது, கொஞ்சம் இறுகிக்கும். ஆனாலும் ஆரம்பிச்ச இடத்தை விட சுமார் 2.5 சதவீதம் பெருசு. முழு ஃபிட்டிங் இன்னும் பண்ணல, வளையத்தோட போக்கு அதோட ஒத்துப்போகுது.

வியாழன்

பகல் பூரா தூங்கியாச்சு. இன்னைக்கு சிலிக்கலைட்ங்கற இன்னொரு ஜியோலைட்டை ஓட்டறோம், சுத்த சிலிக்கா, அலுமினியம் கிடையாது, அதனால அயனியும் கிடையாது, குழாய் எல்லாம் வெறுமை. குழாய் அகலம் சுமார் 5.5 ஆங்ஸ்ட்ராம்.

இதுக்குத் தண்ணின்னாலே பிடிக்காது. ஆனா 0.1 கிகாபாஸ்கல் பக்கத்துல தள்ளினா தண்ணி வேற வழியில்லாம உள்ள போயிடும், பிரஷரை விட்டா அப்படியே வெளிய வந்துடும், போட்ட எனர்ஜியில பெரும்பகுதியைத் திருப்பிக் குடுத்துட்டு. எரோஷென்கோங்கற விஞ்ஞானி இதை மூலக்கூறு ஸ்பிரிங்னு சொல்லி வாகன ஷாக் அப்சார்பர் வரைக்கும் யோசிச்சவர். வேற மாதிரி ஜியோலைட்ல எனர்ஜி திரும்பாம அங்கயே கரைஞ்சு போகும், அது பம்பருக்கு உதவும்.

எங்க ஆர்வம் இதைவிட ரொம்பக் கூடுதல் பிரஷர்ல. சிலிக்கலைட்டை உள்ள நுழையாத திரவத்துல வச்சு அழுத்திக்கிட்டே போனா சட்டகம் தாங்காம ஒழுங்கு குலைஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடும். வளையங்கள் அகலமாகி மங்கி, கடைசியில ஒரு புகைமூட்டம்தான் மிஞ்சும். ஆனா மூலையோட மூலை இணைப்பு உடையல, யார் யாரோட கோர்த்திருந்தாங்களோ அது அப்படியே இருக்கு, வடிவம் மட்டும் கலைஞ்சுடுச்சு, அப்படின்னு ஜூலியன் ஹைன்ஸ் குழு 2009ல எழுதினாங்க. அதே சிலிக்கலைட்டுக்குள்ள முதல்லயே கார்பன் டை ஆக்சைடையோ ஆர்கானையோ நிரப்பிட்டா 20 கிகாபாஸ்கல் தாண்டியும் அது படிகமாவே நிக்குது. உள்ள ஆள் இருந்தா வீடு இடியாது, அவ்வளவு நேரடியான விஷயம்.

சிலிக்கலைட் போட்ட எங்க ஆயில் செல்லுல இப்ப வளையங்கள் தடிக்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா இந்த பிரஷர்ல ஆயிலே ஒழுங்கா திரவமா நடந்துக்காது, அதனால படிகம் குலையறதுல சட்டகத்தோட பங்கு எவ்வளவு, சமமில்லாத அழுத்தத்தோட பங்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இந்த டேட்டாவை நான் பேப்பர்ல போட மாட்டேன். திரும்ப ஹீலியமோ நியானோ போட்டுப் பண்ணலாம்னா அந்த குட்டி அணுங்க உள்ள நுழைஞ்சிடும், அப்ப கேள்வியே மாறிடும். இந்தத் துறையில இருக்கிறவங்களுக்கு இந்த இழுபறி நல்லாத் தெரியும்.

எம்ஓஎஃப், அதாவது உலோக அயனியையும் கரிம மூலக்கூறையும் கோர்த்துக் கட்டின ஓட்டைப் படிகம், அதுல வேலை பண்றவங்களும் இதே இடத்துலதான் நிக்கிறாங்க. ஜிஃப்-8ங்கற எம்ஓஎஃப்ல சுமார் 1.5 கிகாபாஸ்கல்ல வாசல்ல இருக்கிற இமிடசோலேட்ங்கற வளைய மூலக்கூறுங்க கதவு மாதிரி திரும்பி, மீடியத்தை இன்னும் உள்ள விடுதுன்னு 2009ல மோகக், பென்னட், சீத்தம் காட்டினாங்க. அதே ஜிஃப்-8 சமமில்லாத அழுத்தத்துல அதைவிட எவ்வளவோ கம்மியிலயே குலைஞ்சிடும்.

வெள்ளி

கடைசி ஷிஃப்ட். நாட்ரோலைட் செல்லோட பிரஷரை இறக்கிக்கிட்டே அளந்தோம். ஏறினப்ப மாறின அதே இடத்துல திரும்பல, இன்னும் கீழ வந்தப்புறம்தான் தண்ணியை விட்டுச்சு. ஆனா கடைசியில விட்டுடுச்சு, செல்லைத் திறந்தப்ப பழைய நாட்ரோலைட்தான்.

திரும்பாம பண்ண முடியுமாங்கறதுதான் இப்ப எல்லாருக்கும் ஆசை. அதுல என் மனசுல நிக்கிறது 2014ல வந்த செனான் வேலை. நாட்ரோலைட்ல சோடியத்தை எடுத்துட்டு வெள்ளி அயனியை வச்சு, 1.7 கிகாபாஸ்கல்ல 250 டிகிரி செல்சியஸ்ல செனானோட சேர்த்து அழுத்தினாங்க. சாதாரணமா அந்த வாசல்ல நுழையவே முடியாத தடிமன் செனானுக்கு. நுழைஞ்சிடுச்சு. பிரஷரை முழுசா எடுத்தப்புறமும் வெளிய வரல, சாதாரண அழுத்தத்துல 300 டிகிரிக்கு சூடாக்கினப்புறம்தான் வந்துது. எதோடயும் சுலபத்துல சேராத ஒரு மந்த வாயுவை ஒரு கல்லுக்குள்ள பூட்டி வைக்கலாம், வேணும்னப்ப திறக்கலாம். அணு எரிபொருளை மறுபடி பதப்படுத்துறப்ப கிளம்புற கதிரியக்க வாயுக்களைப் பிடிச்சு வைக்க இதுல வழி கிடைச்சா, அதுக்காக இன்னும் எத்தனை செல் வேணும்னாலும் லோட் பண்ணலாம்.

அவளுக்கு இப்ப ஒரே யோசனை, சோடியத்துக்கு பதிலா பொட்டாசியம், ரூபிடியம்னு மாத்தி வச்சா நீரேற்றம் எந்த பிரஷர்ல தொடங்கும், இறக்கினப்புறம் தண்ணி தங்குமா. அயனி பெருசாக ஆக குழாய் முதல்லயே கொஞ்சம் திறந்துக்கும், அதனால தொடக்கம் மாறும்னு அவளுக்கு சொன்னேன். அடுத்த ப்ரோபோசலுக்கு அவளே எழுதட்டும், நான் திருத்தித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

டேட்டா ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல ஏறிக்கிட்டு இருக்கு, இன்னும் நாப்பது நிமிஷம் காட்டுது. ஏறினதும் செல் ரெண்டையும் கழுவி வைரத்தை மைக்ராஸ்கோப்ல ஒருதரம் பாத்துட்டு, டோசிமீட்டரைத் திருப்பிக் குடுத்துட்டு, பஸ். ரீட்வெல்ட் ஃபிட்டிங் (வளையங்கள்ல இருந்து படிக அமைப்பைக் கணக்குப் போடற முறை) முடிஞ்சதும் பிரஷர்-கொள்ளளவு அட்டவணையை, எந்தப் புள்ளி எந்த மீடியத்துல எடுத்ததுன்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதி, தனியா போடறேன்.